பல் கம்பியும் படைப்பை மாற்றுதலும்

வரிசை தவறிய பற்களுக்குக் கம்பி கட்டவோ, கழற்றி மாட்டத்தக்க ஒளி ஊடுருவும் தகடுகளான அலைனர்களை அணியவோ முற்படும் இஸ்லாமியர் பலர், செலவையும் வலியையும் பற்றி மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னர், மற்றொரு வினாவோடு மார்க்க அறிஞரை நாடுகின்றனர்: இறைவன் அமைத்த பல்வரிசையைத் திருத்துவது அவனது படைப்பை மாற்றுவதாகுமா? இது வீண் ஐயமன்று. இறைவனின் படைப்பை மாற்றும்படி மனிதரை ஏவப்போவதாக ஷைத்தான் சூளுரைப்பதைக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 119ஆம் வசனம் கூறுகிறது. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற ஹதீஸ், அதாவது நபிமொழி அறிவிப்பு, பச்சை குத்துவோரோடு, அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களையும் கண்டிக்கிறது.

முஸ்லிம் தொகுப்புக்கு விரிவுரை எழுதிய, ஷாஃபிஈ சட்டப் பள்ளியைச் சேர்ந்த அறிஞர் இமாம் நவவி (இறப்பு 1277), வயது முதிர்ந்த பெண்கள் இளமையாகத் தோன்றும்பொருட்டு முன்பற்களை அராவிக்கொண்ட வழக்கத்தை விளக்கி, தடை அழகுநோக்கத்தைச் சார்ந்தது என்றும், சிகிச்சைக்காகவோ பல்லின் குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்றும் வரையறுத்தார். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட குர்ஆன் விரிவுரையாளர் தபரி இதில் கண்டிப்பானவர்; எனினும், உண்ணத் தடையாக நீண்ட பல்லுக்கும் துன்பம் தரும் மிகைப்பல்லுக்கும் அவரும் விலக்களித்தார். 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) கழகம், பிளவுற்ற உதடு, மிகைப்பல் போன்ற பிறவிக் குறைகள் உடலுக்கோ மனத்துக்கோ பாதிப்பைத் தருமாயின் அவற்றைச் சீராக்கலாம் என்று தீர்மானித்தது.

இங்கே ஒரு விந்தை உண்டு. நெருக்கமான பற்களுக்கு இடம் உண்டாக்க வேண்டிய இன்றைய மருத்துவர், சில வேளைகளில் அடுத்தடுத்த பற்களின் பக்கவாட்டு எனாமலை அரை மில்லிமீட்டருக்குள் அராவுகிறார். கருவி வேறாயினும் செயல் ஹதீஸ் கண்டித்த செயலேதான். ஆதலால் தடையைச் செயலின் புறவடிவில் தேடுவது பொருந்தாது. கம்பியின் மெல்லிய அழுத்தத்தால் பல்லின் ஒருபுறம் தாடையெலும்பு கரைந்து மறுபுறம் புதிய எலும்பு படிவதைச் சுட்டி, இம்மாற்றத்தைச் செய்வது உடலில் இறைவன் வைத்த இயல்பே என்று வாதிடலாம். வாதம் கவர்ச்சியானதுதான், ஆனால் பச்சையின் மையைத் தோலில் பிடித்துவைப்பதும் உடலின் உயிரணுக்களே என்பதால், அது பச்சை குத்துவதையும் நியாயப்படுத்தி, தேவைக்கு மேல் நிறுவிவிடுகிறது.

எஞ்சுவது நிய்யத், அதாவது உள்ளத்தின் நோக்கம். மெல்லவும் பேசவும் முடியாதபடி தாடை பொருந்தாத சிறுவனின் நிலை எளிது. நலமான முன்கடைவாய்ப் பற்களை இடத்துக்காகப் பிடுங்குவதும்கூட அத்தகைய தேவையில் நியாயப்படும். கடினமானது, கடிப்பில் எக்குறையும் இன்றி, ஒரு முன்பல் சற்றே திரும்பியிருப்பதால் சிரிக்கக் கூசும் வயதுவந்தவரின் நிலை. மனத்துன்பமும் பாதிப்பே என்று ஏற்றபின், குறைதீர்த்தலுக்கும் அழகூட்டலுக்கும் இடையிலான கோடு மெலிகிறது. கடிப்பை அளக்கும் மருத்துவரால் கூச்சத்தை அளக்க இயலாது, ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வழங்குபவரும் கேட்பவரின் சொல்லையே நம்ப வேண்டியவர். அந்தக் கூச்சத்தில் ஒரு பங்கை விளம்பரங்களே வளர்க்கின்றன என்பதும் மறக்கத்தக்கதன்று.

வழிபாடு சார்ந்த ஐயங்களுக்கு விடை இவ்வளவு சிக்கலானதன்று. வாய் கொப்பளித்தல் ஷாஃபிஈ மத்ஹபில், அதாவது அச்சட்டப் பள்ளியில், தொழுகைக்கு முந்தைய கழுவலான ஒளுவிலும் கடமையான குளிப்பிலும் சுன்னத்தே, அதாவது கட்டாயமற்ற நபிவழியே. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் இம்மரபே வழங்குவதால், பசையிட்டு ஒட்டிய கம்பியின் அடியில் நீர் புகாமை அங்கே பெரிய இடர்ப்பாடாகாது. ஹனஃபி மத்ஹபிலோ குளிப்பில் கொப்பளிப்பது கட்டாயம். எளிதில் கழற்ற முடியாத கம்பிக்கு அங்கே சலுகை உண்டு, கழற்றத்தக்க அலைனருக்கு அச்சலுகை இல்லாமையால் அதை எடுத்துவிட்டே கொப்பளிக்க வேண்டும். நோன்பைப் பொறுத்தவரை, அலைனர் உணவன்று என்பதால் அதை அணிந்திருத்தல் நோன்பை முறிக்காது. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணிநேரம் அணிய வேண்டிய அதனை உண்ணும்போது கழற்றுவதே விதியாதலால், ரமளானின் பகல் அதற்கு ஏற்ற காலமாகவும் அமைகிறது. கம்பியில் சிக்கிய சஹர் (விடியலுக்கு முந்தைய) உணவின் துணுக்கு வேறு; துப்ப முடிந்தும் அதை வேண்டுமென்றே விழுங்கினால் ஷாஃபிஈ மரபில் நோன்பு முறியும், ஹனஃபி மரபில் கொண்டைக்கடலையைவிடச் சிறியதாயின் முறியாது.