பிளக்கா, வெயிலா?

பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். ராத்திரி முழுக்கத் தூறல். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடுகிறது, ஆனால் உதறுகிறது. மெக்கானிக் பாஷையில் ‘மிஸ்ஸிங் அடிக்குது’. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடுவதற்குப் பதில் இருமுகிறது. எப்படியோ உருட்டிக்கொண்டு போய் ஷெட்டில் நிறுத்துகிறீர்கள். மெக்கானிக் பானெட்டைத் தூக்குகிறார், காதைக் கொடுத்துக் கேட்கிறார், அப்புறம் உங்களை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்க்கிறார்.

“நல்லாத்தானே சார் ஓடுது?”

நிஜமாகவே நல்லாத்தான் ஓடும். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி ஓடிவிடுகிற மாதிரி. பொய் சொன்னவர் போல நிற்பது நீங்கள்தான்.

2003 நவம்பரில் எனக்கு இது நடந்தது. மேற்கு மாம்பலத்தில் வீடு. கார்பரேட்டரும் டிஸ்ட்ரிப்யூட்டரும் வைத்த பழைய வண்டி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். வயசான வண்டிக்கு வந்த வியாதிக்குக் கம்பெனி என்ன செய்யும்? என் மெக்கானிக் சின்ன வயசு, சுறுசுறுப்பு, ஏமாற்றத் தெரியாதவர். இந்தக் கடைசி குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளக்கை மாற்றினார். அடுத்த மழைக்கு மறுபடி உதறல். பாயிண்ட், கண்டன்சர் மாற்றினார். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியாகக் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். அன்றைக்கு மேகம் கலைந்து சுள்ளென்று வெயில். வண்டி பட்டு மாதிரி ஓடியது. ஒரு வாரம், பத்து நாள்.

“கார்பரேட்டர்ல குப்பை சார். அதான்.”

எல்லாமாகச் சேர்த்து 1,400 ரூபாய் கொடுத்தேன். போதாததற்கு, கைராசிக்காரர் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

டிசம்பரில் ஒரு ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். எனக்கு நல்ல காய்ச்சல். அவருக்கு ஓட்டத் தெரியும். சாவியைக் கொடுத்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் தயங்கினார்.

“மழையில மக்கர் பண்ணுதுன்னு சொன்னீங்களே சார்?”

“அதெல்லாம் சரி பண்ணியாச்சு. தைரியமா எடுத்துட்டுப் போங்க.”

வழியெல்லாம் தேங்கின தண்ணீர். கோடம்பாக்கம் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி இருமி, உதறி, நின்றுவிட்டது. ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். பிழைத்துக்கொண்டார். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தவர், எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

நான் பொய் சொன்னேனா? இல்லை, நம்பித்தான் சொன்னேன். யாருக்காவது ஏதாவது ஆயிற்றா? இல்லை. அப்புறம் ஏன் அந்த ரசம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை?

வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்று ஓர் ஆங்கிலேயர். கணிதப் பேராசிரியர், 33 வயசில் போய்விட்டார். 1877-இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. அயல்நாட்டில் குடியேறப் போகிற குடும்பங்களை ஏற்றி அனுப்பவேண்டும். பழுது பார்க்கணுமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம். பார்த்தால் செலவு. ‘எத்தனை புயலைப் பார்த்த கப்பல், இந்தத் தடவை மட்டும் என்ன ஆகிவிடும்’ என்று மனசைத் தேற்றித் தேற்றி, கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். கையாட்டி வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இவருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது.

உண்மையாக நம்பினாரே, அதனால் மன்னித்துவிடலாமா? கூடாது என்கிறார் கிளிஃபோர்ட். கையில் இருந்த ஆதாரத்தை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை. அதோடு விட்டாரா? சரி, கப்பல் மூழ்கவில்லை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முதலாளியின் குற்றம் துளிகூடக் குறையாது, வெளியே தெரியாமல் போனது, அவ்வளவுதான் என்கிறார். (1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போனபோது சிசிலி பக்கத்தில் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் அவர். கப்பலை உதாரணம் காட்ட அவருக்கு முழு உரிமை உண்டு.)

கறார் பேர்வழிதான். அவர் சொல்வதை அப்படியே பிடித்துக்கொண்டால் தினம் பால் வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் இதற்காகவே எழுத்தில் அவரோடு மல்லுக்கு நின்றார். ஆனால் என் விஷயத்தில் கிளிஃபோர்ட் பக்கம்தான் நியாயம். ஏனென்றால் வெயில் அடித்த அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: குணமானது கார்பரேட்டராலா, வெயிலாலா? வந்த வேகத்தில் அதை ஓரம் கட்டிவிட்டேன். 1,400 ரூபாய் கொடுத்த பிறகு நம்புவதுதான் சிக்கனம்.

ஜனவரியில் புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கதை முழுக்கக் கேட்டார். பானெட்டைத் தொடவே இல்லை.

“வெயில்ல வந்து மழைக் கோளாறைக் காட்டச் சொன்னா எப்படி சார்? இருட்டினப்புறம் வாங்க.”

போனேன். ஷெட் விளக்கை அணைத்தார். இன்ஜினை ஓடவிட்டு, சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த மாதிரி பாட்டிலை எடுத்துப் பூப்போலத் தெளித்தார். “கிட்ட வராதீங்க, தூக்கி அடிச்சிடும்.” ஒரு நிமிஷம் ஆகவில்லை. பிளக் ஒயர் மேலும் டிஸ்ட்ரிப்யூட்டர் கேப் மேலும் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி மின்னல்கள். இன்ஜின் உதறத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள். ரெண்டு மாதமாக நான் சொன்னது நிஜம் என்று ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே!

விஷயம் இதுதான். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறவைக்கிறது. அவ்வளவு வேகத்தோடு போகிற கரண்டு, சந்து கிடைத்தால் நழுவிவிடும். ஒயர் உறையில் மயிரிழை வெடிப்பு, கேப்பில் தூசி. காய்ந்திருக்கிற வரை தொந்தரவு இல்லை. ஈரம் பட்டால் அதுவே பாதையாகி, பிளக்குக்குப் போகவேண்டிய கரண்டு இன்ஜின் பாடியில் எர்த் ஆகிவிடுகிறது. பொறி இல்லை, அந்தச் சிலிண்டர் எரிவதில்லை. கொஞ்ச தூரம் ஓட்டினால் இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்துபோகும். ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது கோளாறு வழியிலேயே ஆவியாகி இருக்கும்.

ஒயர் செட்டும் கேப்பும் புதுசு போட்டார். தண்ணீர் அடித்தார். உதறல் இல்லை. நான் பர்ஸை எடுத்தேன்.

“இருங்க சார்” என்றவர், புது ஒயரையும் கேப்பையும் கழற்றி, பழசையே திரும்ப மாட்டினார். தண்ணீர் அடித்தார். மின்னல், உதறல். அதைக் கழற்றி மறுபடி புதுசு.

பக்கத்தில் நின்ற பையனுக்குப் பசி. “எதுக்குண்ணே ரெண்டாவது வாட்டி?”

“கழட்டி மாட்டுறப்ப வேற எதையாவது இறுக்கி, அதனால சரியாயிருந்தா? இவரு மழையில பொண்டாட்டி புள்ளைங்களோட போவாருடா.”

இப்போது வருகிற வண்டிகளில் டிஸ்ட்ரிப்யூட்டர் கிடையாது. பெரும்பாலும் பிளக்குக்கு ஒரு காயில். ஸ்கேனரைச் செருகினால் பி0301, பி0302 என்று எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பதுவரை சொல்லிவிடும். ஏன் என்று சொல்லாது. அங்கேயும் ஒரு காயிலை மாற்றிவிட்டு வெயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

பழைய மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். “அப்ப சரியாத்தானே சார் இருந்துச்சு?” என்றார். கண்ணில் துளி கள்ளம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய், நான் சரி பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

“விடுங்க சார். அதான் ஒண்ணும் ஆகலையே.”

2009-இல் அந்த வண்டியை விற்றேன். சித்திரை மாதம், தார் உருகுகிற வெயில். வாங்க வந்த இளைஞர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மழையில எப்படி சார்?” என்றார்.

உள்ளே திரும்பி, தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன்.