உம்மாவின் மருந்துப் பை

மஃரிப் தொழுத உம்மா முசல்லாவை விட்டு எழும்பவில்லை. "மூணா நாலா தொழுதன் மகன்?" என்று கேட்டார். அந்தக் கிழமையில் அது மூன்றாம் தடவை. வயதுக் கோளாறு என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

தலையணைக்குக் கீழிருந்த பொலித்தீன் பையைக் கொட்டிப் பார்த்தேன். கிளினிக்கில் கொடுத்த சீனிக் குளிசை, பிரஷர் குளிசை. தடிமனுக்கென்று பாமசியில் வாங்கி, மாதக்கணக்கில் போட்டுவந்த சின்ன மஞ்சள் குளிசை. நித்திரை வரவில்லை என்றதற்குச் சாச்சி கொடுத்தனுப்பிய டயசெபாம். உறைகளில் "இரவு 1" என்றிருந்தது. பாதியில் மருந்தின் பெயரே இல்லை. மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுதவேண்டுமென்று பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் போராடிய நாடு இது.

மஞ்சள் குளிசை குளோர்பெனிரமின்; எங்கள் கல்முனையில் பிரிட்டோன் (Piriton) என்றால்தான் தெரியும். நினைவு பதிய மூளைக்கு அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் வேண்டும். இந்தக் குளிசை அதன் வேலையைத் தடுக்கும். ஊமத்தங்காய் தின்றவருக்குப் புத்தி தடுமாறுவதும் இதே வழியில்தான். இளையவருக்கு ஒரு நாள் தூக்கத்தோடு போய்விடும்; முதியவருக்கு அப்படியல்ல. 65 வயதும் அதற்கு மேலுமான 3,434 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்துகளை மிக அதிகம் பாவித்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாக இருந்தது. மருந்தேதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியல்ல. சீனிக்குப் போடும் மெட்போமினும் பல வருடங்களில் பி12 உயிர்ச்சத்தைக் குறைக்கலாம். அந்தக் குறைவாலும் மறதி வரும். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், சரிப்படுத்தவும் முடியும்.

குளிசைக் கூட்டின் ஜெலட்டின் ஹலாலா என்று விசாரிக்கிறோம். விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் மார்க்கம் காக்கச் சொன்ன ஐந்தில் அக்லும், அதாவது புத்தியும், ஒன்று என்று இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். பெற்றவளின் அக்ல் பிள்ளைகள் கையில் உள்ள அமானத். அதை நான் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

பையோடு கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் மஞ்சள் குளிசையை நிறுத்தினார், டயசெபாமைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார், பி12 பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார். உங்கள் வீட்டுப் பையையும் அடுத்த கிளினிக் நாளில் முழுதாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நித்திரைக் குளிசையை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வரலாம்.