இன்னொரு பிரதி எங்கே?

மக் கணினியில் எனக்கு ஆகப் பிடித்தது எது என்று கேட்டால் திரையின் அழகையோ விசைப்பலகையின் மென்மையையோ சொல்லமாட்டேன். ரைம் மெஷினைத்தான் சொல்வேன். 2007இல் லெப்பேட் பதிப்போடு அப்பிள் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. வெளியே ஒரு ஹாட் டிஸ்க்கைச் செருகி, கேட்கிற கேள்விக்கு ஒருமுறை ஓம் என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு கணினியில் இருப்பதையெல்லாம் அது தன்பாட்டில் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும். தவறுதலாக அழித்த கோப்பையும் மாற்றி எழுதிக் கெடுத்த நிரலையும் போன செவ்வாய்க்கிழமை இருந்த கோலத்திலேயே திருப்பி எடுக்கலாம். இரணைமடுச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, வீட்டு விறாந்தையில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது பெரிய ஆறுதல். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோதும் எழுதிய ஒரு வரிகூடத் தொலையவில்லை.

அது பிரதிகளை வைத்திருக்கும் முறைதான் என்னை யோசிக்க வைத்தது. கடைசி 24 மணித்தியாலத்துக்கு மணிக்கு ஒன்று. கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று. அதற்கு முந்தியதெல்லாம் கிழமைக்கு ஒன்று. டிஸ்க் நிரம்பினால் ஆகப் பழையது முதலில் அழியும். கிட்ட உள்ளது அடர்த்தியாகவும், தூரப் போகப்போக ஐதாகவும் இருக்கும். பொறியியலாகப் பார்த்தால் இதில் பிழை ஒன்றும் இல்லை. நேற்றையது நாளைக்குத் தேவைப்படும். பத்து வருசத்துக்கு முந்திய ஒரு வியாழக்கிழமை மத்தியானம் யாருக்குத் தேவைப்படப் போகிறது? என்னிடம் எழுதச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

நான் இருக்கும் வன்னியில் மனிதர்களின் ஞாபகம் இதற்கு நேர்மாறாகக் கிடக்கிறது. போன வருசம் ஆவணியில் என்ன நடந்தது என்று கேளுங்கள், யோசிப்பார்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களை, 2009 தை முதல் வைகாசி வரை, கேளுங்கள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று இடங்கள் வரிசை பிசகாமல் வரும். எந்த இடத்தில் எந்த மரத்தின் கீழ் தறப்பாள் கட்டினார்கள், செல் விழுந்தபோது அடுப்பில் என்ன இருந்தது, பக்கத்துப் பங்கருக்குள் யார் யார் இருந்தார்கள், எல்லாம் வரும். மணிக்கு ஒரு பிரதி. இத்தனை வருசம் கழிந்தும் அது ஐதாகவில்லை.

துயரத்தின் ஆழம் அப்படி என்று சொல்லலாம், அது உண்மையும்தான். ஆனால் பிரதிகளோடு வேலை செய்கிறவனுக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. அந்த ஞாபகத்துக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

2008 கடைசியில் வெளிக்கிட்ட சனம் வெறுங்கையோடு போகவில்லை. கூரைத் தகரத்தைக் கழற்றி, கதவு யன்னலைப் பெயர்த்து, தண்ணீர்ப் பம்ப், தையல் மெஷின், நெல் மூட்டை எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுப் போய், கடைசியில் தோளில் ஒரு பை மிஞ்சியது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். இன்றைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தப் பை அலுமாரிக்குள் தயாராக இருக்கும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் வந்தபோதும் அம்மாமார் முதலில் தூக்கியது அதைத்தான்.

அந்தப் பைக்குள் அல்பம் இருக்கவில்லை. அல்பம் பாரம். பொலித்தீனில் சுற்றி நிலத்தில் தாட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. மீள்குடியேறி வந்து தோண்டியபோது ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்கட்டியைக் கண்டவர்களும் உண்டு. தாட்ட இடத்தையே மட்டுக்கட்ட முடியாமல் நின்றவர்களும் உண்டு.

கணினிக்காரர்களிடம் 3-2-1 என்று ஒரு விதி இருக்கிறது. பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பியது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில். அந்தக் கடைசிப் பகுதியை வன்னிப் பெண்கள் தபாலில் நிறைவேற்றியிருந்தார்கள். கலியாணம், சாமத்தியவீடு, பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் என்று எது நடந்தாலும் ஒரு படத்தைக் கடிதத்துக்குள் வைத்து லண்டனுக்கோ பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ அனுப்பிவிடுவார்கள். இன்று இங்கே ஒரு வீட்டுச் சுவரில் யுத்தத்துக்கு முந்திய படம் தொங்கினால், அது கடல் கடந்து போய்த் திரும்பி வந்த படமாக இருக்கக்கூடும். ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோதே கண்டுவிட்டோம். அங்கே எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் அச்சு நூல்கள் பலவற்றை வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம். அங்கே மட்டும் இருந்த ஏட்டுச் சுவடியை எங்கே தேடுவது? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் செய்து, எவரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைத்துவருகிறது. என் துறையில் நான் ஆகக் கூடுதலாக மதிப்பது அந்த வேலையைத்தான்.

ஊரில் கணினி தெரிந்தவன் என்றால் இந்தப் பக்கத்து வேலைகள் தானாகவே வந்துசேரும். அயலில் இருக்கும் ஒரு மாமி போனை நீட்டினார். "தம்பி, இதைப் பெருப்பிச்சுத் தாங்கோ. மாலை போட வேணும்." ரொறன்ரோவிலிருந்து வட்சப்பில் வந்த கலியாணப் படம். மணவறைக்குப் பக்கவாட்டில், பின்வரிசையில், விரல்நகம் அளவில் அவருடைய மகனின் முகம். மக்கில் திறந்து பெருப்பித்துப் பார்த்தேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து கறுப்புச் சதுரங்கள். தலைமயிர் ஒரே திட்டு. சிரிக்கிறானா இல்லையா என்பதே தெரியவில்லை. யாரோ சொல்லி மாமி இதை ரவுனில் கொடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றால் துலக்கியும் வைத்திருந்தார். அந்தப் படத்தையும் காட்டினார். பளிச்சென்ற கண்கள், மழமழவென்ற கன்னம், ஒழுங்காக வாரிய தலை. "வடிவாத்தான் கிடக்கு. ஆனா இவன் என்ர பிள்ளை இல்லை" என்றார்.

அவர் சொன்னது தொழில்நுட்பரீதியாகவும் முழுச் சரி. அந்தச் செயலி இருந்ததைத் துலக்குவதில்லை. வேறு எண்ணற்ற முகங்களில் கற்றதை வைத்து, இங்கே இப்படி இருந்திருக்கலாம் என்று நிரப்புகிறது. திருப்பி எடுத்த கோப்பு முதலில் இருந்த கோப்போடு ஓர் இம்மியும் பிசகாமல் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. மாமி அதைக் கண்ணாலேயே செய்தார். வட்சப் வழமையாகப் படத்தை நெரித்துச் சுருக்கித்தான் அனுப்பும் என்பதால், ரொறன்ரோ உறவினரிடம் கேட்டு, தாளில் இருக்கிற படத்தையே நல்ல ஸ்கானரில் போட்டு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். வந்த படமும் மங்கல்தான். ஆனால் இடது புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. "ஓம், சைக்கிளால விழுந்த காயம்" என்றார் மாமி. அந்த மங்கல் படம்தான் இப்போது சுவரில் இருக்கிறது.

2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த படங்களையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். மழையும் வெயிலும் படாமல் லமினேற் செய்யப்பட்ட படங்கள். அந்தத் தாய்மாரில் பலர் 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்த காலத்திலிருந்து, அடுத்தடுத்து வந்தவர்களிடமெல்லாம் திகதி, நேரம், இடம், போட்டிருந்த சட்டையின் நிறம் வரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு விவரம் மாறினாலும் சாட்சியம் பலவீனப்பட்டுவிடும். அவர்களுக்கு மறக்க வசதி இல்லை. பிள்ளை இருந்தான் என்பதற்கும், இந்த இடத்தில், இந்த நேரத்தில் பிரிந்தான் என்பதற்கும் அவர்களே பிரதி. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்தும் போனார்கள்.

வாழ்க்கையில் எதை ஞாபகம் வைப்பது, எதை விடுவது என்ற கேள்விக்குப் பெரியவர்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். பழையதை விட்டால்தான் நிம்மதி என்பார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் விடுவதற்கு முன் ஒரு காரியம் நடக்கவேண்டும். ரைம் மெஷின் எடுத்து வைத்த பழைய பிரதிகளை நான் திறந்து பார்ப்பது மிகவும் அரிது. அதன் பயன் பார்ப்பதில் இல்லை. எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்திருப்பதால், பழைய நிரலை நான் பயமில்லாமல் அழிக்கிறேன், புதிதாக எழுதுகிறேன். மனிதருக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன். குளக்கட்டில் பின்னேரங்களில் சந்திக்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய குடும்பப் படங்கள் சில டென்மார்க்கிலிருந்து வந்தபோது பார்க்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்தவில்லை. போகும்போது திரும்பி, "எனக்கு உதொண்டும் வேண்டாம் தம்பி. நீர் வைச்சிரும். எங்கை வைச்சிருக்கிறீர் எண்டு மட்டும் சொல்லிப்போடும்" என்றார். பார்க்காமல் இருப்பதற்கான உரிமை அவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

அப்படி எடுத்து வைப்பதை எங்கே வைப்பது? இங்கேதான் என் மக்கை நான் கண்டிப்போடு பார்க்கவேண்டியிருக்கிறது. பழைய மக்புக்கில் அடித்தட்டைக் கழற்றி ஹாட் டிஸ்க்கை வெளியே எடுத்து இன்னொன்றில் போடலாம். இப்போது சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. அதிலுள்ள தகவலைப் பூட்டும் திறவுகோலும் அதே பலகையிலுள்ள சில்லுக்குள். திருடன் கையில் அகப்பட்டால் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் மாரி இடியில் மின்னழுத்தம் ஏறிப் பலகை கருகிவிட்டால், கிளிநொச்சிக் கடைக்காரரோ கொழும்புக் கடைக்காரரோ அதற்குள்ளிருந்து படங்களை எடுத்துத் தருவது அநேகமாக நடக்காத காரியம். மென்பொருளும் அப்படித்தான். 2019இல் கற்றலீனா பதிப்பு வந்தபோது 32 பிற் செயலிகள் அத்தனையும் ஒரேயடியாக ஓடாமல் போயின. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. எங்கள் ஊர்ச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளும் கோவில் மலர்களும் அஞ்சலிப் பிரசுரங்களும் எவ்வளவோ அந்த நிலையில் இருக்கின்றன. அச்சுத் தாள் மட்டும் தப்பியிருக்கிறது.

இந்தக் கருவியை நான் நேசிக்கிறேன். காலையில் மூடியைத் திறக்கும்போது வருகிற உற்சாகம் இத்தனை வருசத்திலும் குறையவில்லை. அதற்குள் வேலை செய்யலாம், ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரே பிரதியை அதற்குள் விட்டுவைக்கக் கூடாது. ஸ்கான் செய்கிற படங்களைச் சாதாரண ஜேபெக் கோப்புகளாக, எந்தக் கணினியிலும் திறக்கிற விதமாகத்தான் வைக்கிறேன். ஒரு பிரதி வீட்டிலுள்ள டிஸ்க்கில், இன்னொன்று படத்துக்கு உரியவர் கையில் பென் டிரைவில், மற்றது வெளிநாட்டில் இருக்கிற உறவினரிடம். கூடவே யூனிகோட் தமிழில் ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. அதில் படத்தின் இலக்கம், ஆண்டு, இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள், யார் சொன்ன தகவல் என்ற விவரம்.

பெயர் எழுதும் வேலைதான் கடினம். ஸ்கானர் ஒரு பின்னேரத்தில் ஓர் அல்பத்தை முடித்துவிடும். பெயர் கேட்கப் போனால் ஒரு படத்துக்கே தேத்தண்ணி இரண்டு தரம் வரும், இடையில் அழுகை வரும், "அது அவன் இல்லை, அவன்ர தமையன்" என்று சண்டையும் வரும். ஆனாலும் பெயர் இல்லாத படத்தை இன்னும் முப்பது வருசத்தில் யாரும் வைத்திருக்கப்போவதில்லை. கோப்பு பழுதில்லாமல் இருக்கும், ஆளைத் தெரியாது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. சிலருக்குக் கண் மங்கிவிட்டது. அவர்களுக்குப் படத்தைப் பெரிய திரையில் போட்டு, முகம் முகமாகக் காட்டிக் கேட்கிறேன்.

மாமியின் மகன் நிற்கிற கலியாணப் படத்தில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பொடியன்களின் பெயர் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மாமிக்கும் தெரியவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மாப்பிள்ளையின் தமக்கைக்குத் தெரிந்திருக்கும் என்கிறார்கள். அங்கே விடிந்ததும் எடுத்துக் கேட்கவேண்டும்.