கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

விண்ணப்பம் போடும் முன் கல்லூரியை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றாள் அந்தப் பெண். தெள்ளாரில் எங்கள் தெருப் பிள்ளை. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவள் அம்மாவோடு நானும் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். சாய்தளத்தைக் காட்டினார், இடஒதுக்கீட்டை விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள் கடைசியில் ஒன்று கேட்டாள்: "சார், பாத்ரூம் கதவு உள்பக்கம் தொறக்குமா, வெளிப்பக்கமா?"

அவர் விழித்தார். "சீட் கண்டிப்பா கெடைக்கும்மா, கவலப்படாத" என்றார்.

கதவு உள்பக்கம் திறந்தால், நாற்காலி உள்ளே போனபின் சாத்த முடியாது. நாற்காலியே மறித்துக்கொண்டு நிற்கும். யாராவது வெளியே காவல் இருக்க வேண்டும். இதற்காகவே பள்ளி நாட்களில் காலையில் தண்ணீர் குடிக்காமல் போவாளாம். திரும்பும்போது ஆட்டோவில் அவள் அம்மா இதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த இடஒதுக்கீடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 5 ஆனது. அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்விலும் சிறப்புப் பிரிவினரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். உள்ளே நுழைய வழி இருக்கிறது. நுழைந்தபின் அன்றாடம் எப்படி என்பதுதான் கேள்வி. கட்டட வசதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவிடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி அந்த வழக்கைத் தொடுத்தது 2005-இல்!

சின்ன வயதில் ஆரணியில் எதிர்வீட்டுத் தாத்தா பட்டு நெய்வார். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவர். குழித்தறியில் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க இரண்டு காலும் வேண்டும். தச்சர் ஒருவர் குழிக்குள் இறங்கி, "எந்தக் கால்ல பலம்?" என்று கேட்டு, மிதிகளை அந்தப் பக்கமாக நகர்த்திக் கட்டிக் கொடுத்தாராம். கயிற்றின் நீளத்தைக்கூட மாற்றினாராம். ஆளுக்குத் தக்கபடி தறியை மாற்றுவது அந்தத் தெருவில் பேசும்படியான விஷயமே இல்லை. ஆனால் அதே தாத்தாவை யாரும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

எப்போதோ படித்த ஹெலன் கெல்லரின் சுயசரிதையும் நினைவுக்கு வருகிறது. 1899-இல் ராட்க்ளிஃப் கல்லூரி நுழைவுத் தேர்வு. அல்ஜீப்ரா கேள்வித்தாள் பிரெய்லில்தான். ஆனால் அவருக்குப் பழகாத அமெரிக்கக் குறியீட்டில். தேர்வு நெருங்கிய பிறகே அது தெரிந்து, அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு எழுதினார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். உனக்கு எது பழக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கதவைப் பற்றி இவளிடமும் யாரும் கேட்டதில்லை. இவள்தான் கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

சென்னையில் மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம். வகுப்பு நடக்கிறது. லயோலாவில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தனி மையம் இருக்கிறது. சென்னைக்கு அனுப்புங்கள் என்று சொல்வது எளிது. அங்கே ஹாஸ்டலில் அம்மா இருக்க மாட்டார். செய்யாறு அரசுக் கல்லூரி என்றால் அம்மா கூடவே வந்துபோகலாம். அவளுக்குப் பிடித்தது வேதியியல். மற்ற பிள்ளைகள் பாடத்தை வைத்துக் கல்லூரி தேடுகிறார்கள். இவள் கட்டடத்தைப் பார்த்துப் பாடத்தை முடிவுசெய்ய வேண்டும். லேப் மாடியில் இருந்தால் வேதியியல் போச்சு.

வசதி உள்ள இடத்துக்கே எல்லாரும் போய்விட்டால் நம் பக்கத்துக் கல்லூரிகள் எப்போது மாறும்? ஒருத்தி சேர்ந்து, தினமும் கேட்டு நச்சரித்தால்தான் மாறும் என்று தோன்றுகிறது. அந்த ஒருத்தி இந்தப் பதினேழு வயதுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா? படிக்கப் போகிறவள் மேல் அந்தப் பாரத்தையும் ஏற்ற எனக்கு மனசில்லை.

"நீங்களே சொல்லுங்கக்கா, எங்க சேக்கலாம்?" என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டு ஊருக்கும் விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டிலும் இடம் கிடைத்தால் எதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.