கற்பழிப்பு என்னுஞ் சொல்

களவு என்னும் பெயர் கள்வன் செய்த தொழிலைக் குறிப்பது. கொலை என்னும் பெயர் கொன்றவன் செய்த தொழிலைக் குறிப்பது. ஒரு பெண்ணை அவள் இசையாதிருக்க வலிந்து பற்றிச் சிதைக்குங் கொடுமைக்கோ நம் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் கற்பழிப்பு என்பதாம். இப்பெயர் கொடியோன் செய்ததைச் சொல்லாது, அவன் கையில் அகப்பட்டவள் இழந்ததாகக் கருதப்படுவதையே சொல்லுகின்றது. பொருளைப் பறிகொடுத்தவனை அறமிழந்தவன் என்று எவரேனுங் கூறுவரோ? கூறார். பெண்ணிடத்து மாத்திரம் அப்படிக் கூறி, அதனை முதற்பக்கத்தில் அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினோம்.

கற்பு என்பது கல் என்னும் பகுதியடியாகப் பிறந்ததென்பர். பெரியோர் கற்பித்தவாறு ஒழுகும் உள்ளத்திண்மையே அது. தொல்காப்பியத்துக் கற்பியல் மணந்தார் இருவருடைய இல்வாழ்க்கையைப் பேசுவது. தலைவனும் அதனுள் அடங்கியவனே. உள்ளத்தின்பாற்பட்ட இவ்வொன்றைப் பிறனொருவன் தன் கைவலியால் அழித்துவிடலாமென்பது எவ்வாறு பொருந்தும்? வினை செய்தவனையே சென்று சேருமென்று மாணாக்கர்க்கு நாடோறும் படிப்பிக்கின்ற நாம், அவன் வினையின் அழுக்கு அவள்மேல் ஒட்டியதென்று எங்ஙனஞ் சொல்லத் துணிந்தோம்?

இது சைவர்க்கே உரிய நியாயமுமன்று. யான் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து, உரோமாபுரிச் சரித்திரத்தில் லுக்கிரீசியாள் கதையைப் படிப்பித்தார்கள். அரசகுமாரனொருவனால் வலிதிற் கெடுக்கப்பட்ட அவள் தன்னைத்தானே குத்திக்கொண்டு இறந்தாள். உரோமர் அவளைப் பத்தினியென்று தலைமுறை தலைமுறையாகப் போற்றினர். பின்னர் கி. பி. 410 இல் கோத்தியர் உரோமாபுரியைக் கொள்ளையிட்டபோது பெண்கள் பலர் அவ்வாறே கெடுக்கப்பட்டனர். அவர்கள் ஏன் லுக்கிரீசியாளைப்போல் இறக்கவில்லை என்னும் வினா எழுந்தது. அதற்கு விடையாகவே ஒகஸ்தீனார், உள்ளம் இசையாதபோது உடலிற் பிறர் செய்தது அவள் குற்றமாகாதென்றும், லுக்கிரீசியாள் குற்றமற்றவளாயின் அவளைக் கொன்றது எந்த நீதியென்றும் எழுதினார். சமயத்தால் அவரோடு எத்துணை வேறுபட்டேமாயினும் இவ்விடத்து அவரை மறுக்க வழியில்லை.

சொல்லிலுள்ள பிழை சொல்லோடு நின்றுவிட்டால் இத்துணை விரித்தெழுத வேண்டுவதில்லை. அது நீதிமன்றத்துள்ளும் புகுந்தது. இத்தகைய வழக்கில் முறையிட்டவளே பொதுவாக ஒழுக்கங்கெட்டவளென்று காட்ட எதிரிக்கு இடங்கொடுத்தது 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம். அதனை ஒட்டியெழுந்த 1895 ஆம் ஆண்டின் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் அவ்விதி இடம்பெற்றது. களவு வழக்கிற் பொருளுக்குடையவன் கொடையாளியோ உலோபியோ என்று எவருங் கேட்பதில்லை. இழந்தது கற்பென்று பெயரிட்டமையாலன்றோ, முன்னர் அஃது அவளிடத்து இருந்ததா என்னும் விசாரணை பிறந்தது!

1972 இல் மகாராட்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி பொலிஸ் நிலையத்துள்ளேயே சிதைக்கப்பட்டாள். முதல் விசாரணை அவளுடைய முன்னைய நடத்தையை நிறுத்துப் பார்த்து எதிரிகளை விடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ, அவள் உடலிற் காயமில்லை, அவள் எதிர்த்துப் போராடியதற்கு அடையாளமில்லை என்று கூறி 1978 இல் மீண்டும் விடுதலை செய்தது. சீருடையணிந்த இருவர்முன் ஒரு சிறுமி அஞ்சி அடங்கியதை இசைவென்று கொண்டனர் போலும். 1979 இல் அத்தீர்ப்பை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் வரைந்தவர் யாவர்? சட்டங் கற்பிக்கும் ஆசிரியர் நால்வர். அதனாலெழுந்த கிளர்ச்சியின் பயனாக 1983 இல் இந்தியச் சட்டந் திருத்தப்பட்டது. ஒழுக்கத்தை இழுத்துப் பேச இடங்கொடுத்த விதியும் 2002 இல் நீக்கப்பட்டது. கற்பிப்போர் எழுத்துக்கு வலியில்லை என்று சோர்வாருக்கு இதனைச் சொல்லுக.

அவள் பெயரை வெளியிடலாகாதென்று இந்தியாவில் 1983 இலும் இலங்கையில் 1995 இலும் விதி செய்தனர். வேண்டியதே. எனினும் அவ்விதி ஏன் வேண்டியதாயிற்றென்று சிந்தித்தல் வேண்டும். அயலார் வாய்க்கு அஞ்சியன்றோ அவள் ஒளிக்கின்றாள்? 2024 இல் பிரான்சு தேசத்து அவிஞ்ஞோன் நகரில் ஜிசேல் பெலிக்கோ என்னும் முதுமாது, பூட்டிய மன்றில் விசாரணை நடத்த இடமிருந்தும், கதவைத் திறந்துவைக்கவே கேட்டார். மயக்கமருந்தூட்டிப் பிறர்க்கு அவரை ஒப்புவித்த கணவன் உட்பட எதிரிகள் ஐம்பத்தொருவர், அனைவரும் தண்டிக்கப்பட்டனர். நாணவேண்டியவர் எதிரிக்கூண்டில் நிற்போரே என்பது அம்மாதின் நிலை. எல்லாப் பெண்களும் அவ்வாறு செய்யக் கடவரென்று யாம் சொல்லோம். அது வேறொரு வன்முறையாகும்.

‘கற்பென்னுஞ் சொல்லையே தள்ளிவிடலாமோ’ என்று முதியோர் சிலர் கவலுவர். தள்ளவேண்டா. தானே உவந்து காக்கும் ஒழுக்கத்துக்கு, ஆண்மகனுக்கும் பெண்மகளுக்கும் ஒப்ப, அச்சொல் நிற்க. பிறன் செய்த கொடுமைக்கு அதனைப் பெயராக்குதலையே மறுக்கின்றோம்.

இக்காலத்துப் பத்திரிகைகள் பல வல்லுறவு, வன்புணர்வு என்று எழுதத் தலைப்பட்டிருப்பது நன்று. ஆயினும் விபசார விடுதியிற் பிடிபட்ட பெண்களை ‘அழகிகள்’ என்றெழுதும் வழக்கம் தமிழ்நாட்டு நாளிதழ்களிற் பல்லாண்டு வேரூன்றியது. அங்கே பணங்கொடுத்துச் சென்ற ஆடவருக்கு அடைமொழி ஒன்றுமில்லை. ‘இரவில் தனியே சென்ற மாணவி பலாத்காரஞ் செய்யப்பட்டார்’ என்பது போன்ற தலைப்பை நீவிரும் படித்திருப்பீர். அவள் சென்ற நேரமுந் தனிமையும் அதில் உள. செய்தவன் எங்கே?

செயப்பாட்டுவினை படிப்பிக்கும் நாளில் இத்தகைய தலைப்பொன்றைக் கரும்பலகையில் எழுதி, மேல்வகுப்பு மாணவரைச் செய்வினையாக மாற்றச் சொல்லிப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பாயின் மிக நன்று. எழுவாயாக எதனை வைப்பதென்று அவர்கள் உங்களையே கேட்பார்கள்.