ஆயிரத்துக்குப் பிறகு என்ன?

இரண்டிரண்டாக எண்ணப் பழகும் குழந்தையின் உதட்டைக் கவனிக்க வேண்டும். புளியங்கொட்டையை நகர்த்தியபடி 'ஒன்று' என்பதை வாய்க்குள் முணுமுணுக்கும்; 'இரண்டு' என்று உரக்கச் சொல்லும். 'மூன்று' மறுபடி வாய்க்குள், 'நான்கு' உரக்க. நாளடைவில் முணுமுணுப்பு நின்றுவிடும். இருபதுவரை கற்ற பிள்ளை யார் சொல்லியும் தராமல் இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று போய்க்கொண்டே இருக்கும்.

எப்படிப் போகிறது? சொல்லிக்கொடுத்தவை பத்து எண்கள்தான். சொல்லாமல் விட்டவற்றுக்கோ முடிவே இல்லை.

இந்தக் கேள்வியை விடாமல் துருவியவர் தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன். 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் மறைந்தபின் 1953இல் வெளிவந்த 'தத்துவ ஆய்வுகள்' நூலில் ஒரு மாணவன் வருகிறான். இரண்டிரண்டாகக் கூட்டி ஆயிரம்வரை சரியாக எழுதுகிறான். அதன்பின் 1004, 1008, 1012 என்று எழுதுகிறான். தப்பு என்று சொன்னால் அவனுக்கு விளங்கவில்லை. இதுவரை செய்ததைத்தானே செய்கிறேன் என்கிறான்.

அவனை மடக்குவது சுலபமல்ல. ஆயிரம்வரை இரண்டு, அதற்குமேல் நான்கு என்று அவன் விதியை எடுத்துக்கொண்டிருந்தால், நாம் காட்டிய உதாரணங்கள் அத்தனையும் அதற்கும் பொருந்தும். விளக்கம் சொன்னாலோ, அந்த விளக்கத்தையும் வேறுவிதமாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 1982இல் தத்துவ அறிஞர் சால் கிரிப்கி இந்தச் சந்தேகத்தை நம் பக்கமே திருப்பினார்: இதுவரை 'கூட்டல்' என்று நாம் கருதிவந்தது கூட்டலைத்தான் என்பதற்கு மனத்துக்குள் என்ன சான்று?

விட்கென்ஸ்டைன் சந்தேகத்தோடு நின்றுவிடவில்லை. விதியைப் பின்பற்றுவது ஒரு வழக்கம் என்றார். விரலால் சுட்டினால் விரல்நுனி காட்டும் பக்கம் பார்க்கிறோம், மணிக்கட்டின் பக்கம் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் கேட்டுத் தெளிந்துவிட்டா பார்க்கிறோம்? எண்ணுவதும் அப்படித்தான், பிறரோடு சேர்ந்து செய்து செய்து படிவது. உதாரணங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஏதோவொன்றைக் குழந்தை கண்டுபிடிக்கிறது என்பதைவிட இந்த விடையே உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

எழுத்தில் காட்டிய பொறுமை வகுப்பறையில் அவரிடம் இருக்கவில்லை. கணக்கு வராத பிள்ளைகளை அடித்தார். 1926இல் அவர் அடித்த சிறுவன் மயங்கி விழ, வேலையை விட்டார். பல ஆண்டுகள் கழித்து அதே ஊருக்குப் போய்ப் பழைய மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

தொண்ணூற்றெட்டு, நூறு என்று வந்து 'இருநூறு' என்று தாவும் பிள்ளையும் ஒரு விதியின்படிதான் போகிறது. அதட்டாமல், எப்படி வந்தது என்று கேட்டாலே போதும். "பத்துக்கு அப்புறம் இருபது வருதில்ல, டீச்சர்?" என்று அது திருப்பிக் கேட்கக்கூடும்.