ஆண்டவன் கணக்கும் ஆர்பத்நாட் கணக்கும்

இங்கிலாந்து அரசி ஆனின் மருத்துவரான ஜான் ஆர்பத்நாட், இறைவனின் பராமரிப்புக்குக் கணக்கிலிருந்தே சான்று காட்ட முனைந்தவர். லண்டன் ஞானஸ்நானப் பதிவேடுகளில் 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளும் ஆண் குழந்தைகளே அதிகம். முதல் ஆண்டில் ஆண் 5218, பெண் 4683. ஆணும் பெண்ணும் சம வாய்ப்பில் பிறப்பதானால் இப்படி ஓர் ஆண்டுகூடத் தவறாமல் நடக்க, 25 இலக்க எண்ணில் ஒரு பங்குதான் நிகழ்தகவு. ஆகவே இது தற்செயலே இல்லை. ஆண்கள் ஆபத்தான வேலைகளில் அதிகம் மடிவதை ஈடுகட்ட இறைவன் செய்த ஏற்பாடு என்றார். பலதார மணம் இயற்கைக்கு மாறானது என்பதையும் அதே கையோடு நிறுவிவிட்டார். ஒரு பதிவேட்டின் தலையில் இவ்வளவு பாரம் ஏற்றியவர்கள் குறைவு.

பெருக்கலில் பிழையில்லை. அது வீழ்த்துவது சம வாய்ப்பை மட்டுமே. தற்செயலை அது தொடவே இல்லை. கணிதவியலாளர் நிக்கோலஸ் பெர்னூலி இதைக் கண்டுகொண்டார்: ஆண் பிறக்கும் வாய்ப்பு 35இல் 18 என்று வைத்தால், 14,000 பிறப்புகளில் 7200 ஆண்களை எதிர்பார்க்கலாம், ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கத்தையும் தற்செயலே விளக்கிவிடும் என்றார். அவர் சொன்னது ஈருறுப்புப் பரவல். ஆனால் ஒரு மாறி அந்தப் பரவலைப் பின்பற்றுகிறது என்று சொல்ல, இரண்டே முடிவுகள் இருந்தால் போதாது. முயற்சிகளின், இங்கே பிறப்புகளின், எண்ணிக்கை முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றைப் பாதிக்கக் கூடாது, வாய்ப்பு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைப் பதிவேட்டிலேயே சோதிக்கலாம். 14,000 பிறப்புகளுக்குத் திட்ட விலக்கம், அதாவது தற்செயலால் வழக்கமாக வரும் விலகலின் அளவு, 59 குழந்தைகள். அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் ஆண் பங்கு 1661இல் 53.6 விழுக்காடு, 1703இல் 50.3. அந்தந்த ஆண்டின் எண்ணிக்கைக்கேற்பக் கணக்கிட்டால், பெர்னூலியின் 51.4இலிருந்து முதலாவது ஏறத்தாழ நான்கு திட்ட விலக்கம் மேலே, இரண்டாவது மூன்று கீழே. ஆக, தற்செயலுக்கு எட்டாத ஒழுங்கு என்று ஆர்பத்நாட் வியந்த எண்கள், தற்செயல் அனுமதிப்பதைவிட அதிகமாகவே அலைகின்றன. இதில் மர்மமில்லை. அவர் எண்ணியது பிறப்புகளை அல்ல, ஞானஸ்நானங்களை. அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்தவர்களின் பிள்ளைகளும், சடங்குக்கு முன் இறந்த சிசுக்களும் அதில் வரமாட்டார்கள். இந்த விடுபாடு ஆண்டுதோறும் ஒரே அளவில் இருந்திருக்க முடியாது.

இறைநம்பிக்கையாளர் தரப்பில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கணிதவியலாளர் டி மாவ்ர் எழுப்பியது அது. தற்செயலுக்கே நிலையான விதி இருக்கிறதென்றால், அந்த 18க்கு 17 விகிதத்தை வகுத்தது யார்? கேள்வி நியாயமானது, எளிதில் தள்ளிவிட முடியாதது. ஆனால் கேள்வி இடம் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பின் மதிப்பை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டுதான் ஈருறுப்புக் கணக்கே தொடங்குகிறது. அது விந்தணுவின் இயல்பாலா, படைத்தவன் விருப்பாலா, அந்த இயல்பின் வழியே செயல்படும் விருப்பாலா என்பதற்கெல்லாம் ஒரே பரவல்தான் கிடைக்கும். எனவே எவ்வளவு நீளமான பதிவேடும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்து தராது. இதையே நாத்திகருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்கள் ஈருறுப்புப் பரவலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தால் அங்கே கடவுளுக்கு வேலையில்லை என்று அவர் முடிவுகட்டுவதும், ஆர்பத்நாட் செய்த அதே தாவல்.